கோத்தகிரி இயற்கை முகாமும் ஓவியப் பட்டறையும்: வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் வார இறுதிகளில் நடக்கும் ஒரு சிறிய இயற்கை முகாமுக்குப் பெயர் கொடுப்பவர்களோடு போனில் பேசுவது என் பொறுப்பு. முகாம் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடியும். காலையில் காடு, மதியம் ஓவியம், ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. யார் கூப்பிட்டாலும் சந்தேகங்கள் என்னவோ ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இது டூரா, கிளாஸா? வீட்ல என்னன்னு சொல்லிட்டு வர்றது?

டூர் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஊட்டி பூங்கா, தொட்டபெட்டா, சாக்லேட் கடை எதுவும் திட்டத்தில் கிடையாது. கிளாஸ் என்றும் சொல்ல முடியாது, பாடத்திட்டமோ சான்றிதழோ இல்லை. கோத்தகிரி ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஆனால் பழைய சோலைக்காடு, அதாவது மலைப் பள்ளங்களில் அடர்ந்து வளரும் காடு. கீழே இருக்கும் பல ஊர்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர். 2024 ஜனவரியில் அதை ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள். வனத்துறை அனுமதியோடு அதற்குள் ஒரு காலை முழுக்க நடப்போம். நடப்போம் என்றாலும் அரை கிலோமீட்டர் தாண்டினால் அதிசயம்.

ஒரு பாறையில் படர்ந்த பாசியைக் குனிந்து பார்த்தபடியே அரை மணி நேரம் போய்விடும். இதைக் கேட்கும்போதே கொட்டாவி வந்தால் வராமல் இருப்பது நல்லது. உங்களுக்குப் பணம் மிச்சம், எங்களுக்கு நிம்மதி.

எனக்கு வட்டம் போட்டாலே முட்டை வரும். நான் வரலாமா?

தாராளமாக. உண்மையைச் சொன்னால், ஏற்கெனவே நன்றாக வரைபவர்களோடுதான் எங்களுக்குக் கஷ்டம். இலை என்றதும் அவர்கள் கை தானாகவே ஒரு அழகான இலையைப் போட்டுவிடும். எதிரே இருக்கும் இலையில் பூச்சி கடித்த ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் வளைந்த நுனி, பழுத்துப்போன விளிம்பு எல்லாம் இருக்கும், படத்தில் ஒன்றுமே இருக்காது.

முதல் நாள் எல்லோருக்கும் ஒரே பயிற்சிதான். காகிதத்தைப் பார்க்காமல், பென்சிலை அதிலிருந்து தூக்காமல், இலையின் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தபடி கோடு இழுக்க வேண்டும். படம் கோணல்மாணலாக வரும், எல்லோருக்கும் அப்படித்தான் வரும். பத்தாவது இலையிலும் கோணல் இருக்கும், ஆனால் அது எதிரே இருக்கும் இலையின் கோணலாக இருக்கும்.

போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சிடுமே. எதுக்கு உக்காந்து வரையணும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். போட்டோ வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை, எடுங்கள். ஆனால் எடுத்த கையோடு கால் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. வரைய உட்கார்ந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கேள்வி வரும். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? நரம்பு விளிம்பு வரை போகிறதா, நடுவிலேயே வளைந்து அடுத்த நரம்போடு சேர்கிறதா? தெரியாவிட்டால் கோடு போட முடியாது. திரும்ப நிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டும்.

காட்டுப்பூவரசை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் முதல் மாதங்களில் செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம்தான் அது. பூவைப் பார்த்து எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். வரைய உட்கார்ந்தவர் கொத்துக்குக் கீழே இலைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்க ஒரு இலையைத் திருப்புவார். மேல்புறம் தோல் மாதிரி தடித்த கரும்பச்சை, அடிப்புறம் துரு நிறத்தில் மெத்தென்று ஒரு பூச்சு. விரலால் தடவினால் கம்பளித் துணியைத் தொட்டது போல இருக்கும். பட்டையும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். பனியும் காற்றும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் புல்வெளி ஓரத்தில் நிற்கிற மரத்துக்கு இந்தத் தடித்த உடுப்பு ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, வரைந்தவரே கேட்டுவிடுவார்.

கேமரா வருவதற்கு முன்னால் தாவரவியலே இந்தக் கைகளை நம்பித்தான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தென்னிந்தியச் செடிகளைத் தொகுத்தபோது அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள். அவர்கள் படங்கள் இன்றும் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. நம் காலத்துக்குக் கிட்டே வந்தால் மா. கிருஷ்ணன் (1912–1996). காட்டுயிர்ப் புகைப்படங்களுக்குப் பெயர் போனவர், ஆனாலும் கட்டுரைகளுக்குப் பேனாவால் தானே படம் வரைவார். கேமரா கையில் இருந்தும் வரைந்தார் என்பதைத்தான் போட்டோ கேள்வி கேட்பவர்களிடம் நான் சொல்வது.

எந்த மாசம் வரட்டும்?

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கம் கொட்டுவது போல இங்கே கொட்டாது. எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வருகிற வடகிழக்குதான். அந்த இரண்டு மாதமும் பாதையே சரியும், முகாம் அடிக்கடி தள்ளிப்போகும். ஆனால் அதே சமயத்தில்தான் நீல வரி போட்ட பட்டாம்பூச்சிகளும் கறுப்பும் பழுப்புமான வெண்புள்ளிப் பட்டாம்பூச்சிகளும் கீழே சமவெளியிலிருந்து கூட்டம் கூட்டமாக மேற்கு மலைத்தொடர் பக்கம் திரும்பும். மழை ஒரு நாள் விட்டு வெயில் அடித்தால் கண்கொள்ளாக் காட்சி.

டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். பள்ளங்களில் உறைபனி விழும். வலசை வந்த பறவைகள் இருக்கும், காஷ்மீர் ஈப்பிடிப்பான் மாதிரி அபூர்வ விருந்தாளிகளும் உண்டு. பூக்களுக்காக என்றால் பிப்ரவரி, மார்ச். மே மாதம் மட்டும் வேண்டாம் என்பேன், ரோட்டில் வண்டி வரிசையைத்தான் வரைய வேண்டியிருக்கும்.

குறிஞ்சி பூக்கும்போது சொல்லுங்க, அப்ப வரேன்.

மலையே நீலமாகும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018 என்று பூத்தது, அடுத்த பெரிய பூப்பு 2030ல் எதிர்பார்க்கிறோம். அதுவரை காத்திருப்பது உங்கள் இஷ்டம்.

நடுவில் ஆண்டுதோறும் "குறிஞ்சி பூத்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும். அதில் பொய் இல்லாமலும் இருக்கலாம். குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. சில இனங்கள் ஆண்டுதோறும் பூக்கும், சிலவற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். எந்தக் குறிஞ்சி என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பூக்காத குறிஞ்சிப் புதரும் வரைய அருமையான செடிதான்.

புலி, யானை எல்லாம் பாப்போமா?

அதற்கு முதுமலை சஃபாரி இருக்கிறது. இங்கே அதிகம் எதிர்ப்படுவது காட்டெருமை, தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே மேயும். பார்க்கச் சாதுவாக நிற்கும், அதுதான் ஆபத்து. செல்ஃபி எடுக்கக் கிட்டே போனால் என்ன ஆகும் என்று அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கரடியும் சிறுத்தையும் ஊரை ஒட்டியே நடமாடுகின்றன. அதனால்தான் விடிவதற்கு முன்னும் இருட்டிய பிறகும் யாரையும் தனியாக வெளியே விடுவதில்லை. வழிகாட்டி "திரும்பலாம்" என்று சொன்னால் ஏன் என்று அங்கே நின்று விவாதிக்கக் கூடாது.

சோலைக்குள் கருமந்தியும் மலை அணிலும் பார்க்கலாம். வரையாடு பார்க்க வேண்டும் என்றால் அது முக்குருத்தி பக்கத்துப் புல்வெளி உயரங்களில் வாழ்வது, எங்கள் பாதையில் வராது.

என்னென்ன கொண்டு வரணும்? பெரிய செலவா?

ஒரு 2பி பென்சில், ஏ5 அளவில் தடித்த காகித நோட்டு, பன்னிரண்டு கலர் உள்ள சாதாரண வாட்டர்கலர் கேக் டப்பா, நடுத்தர பிரஷ் ஒன்று, பழைய பருத்தித் துணி. காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அட்டையில் போட்டிருக்கும் காகித எடை 300 ஜிஎஸ்எம் இருந்தால் ஈரத்தில் சுருளாது. மலிவான கலரை நல்ல காகிதம் காப்பாற்றும், விலை உயர்ந்த கலராலும் மோசமான காகிதத்தைக் காப்பாற்ற முடியாது. தரை எப்போதும் ஈரம், அதனால் உட்கார ஒரு ரெக்சின் துண்டு. ரெயின்கோட்டை விடக் குடை மேல், நோட்டுக்கும் சேர்த்து நிழல் தரும். ஸ்வெட்டர் எந்த மாதமும் வேண்டும்.

பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் எங்களிடம் இரண்டு மூன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வாங்குவதாக இருந்தால் 8×42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். 10×42 பெரிதாகக் காட்டும்தான், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். சோலையின் அரையிருட்டில் 8×42 வெளிச்சமாகவும் இருக்கும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரி மாவட்டத்தில் தடை. சோதனைச்சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

எப்படி வந்து சேர்றது? ரயில்ல வரலாமா?

மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது, கோத்தகிரிக்கு வராது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி கோத்தகிரி பஸ் பிடியுங்கள், குஞ்சப்பனை வழியாக 33 கிலோமீட்டர் போல வரும். வளைவுகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் எடுத்துவிடலாம்.

அட்டை கடிக்குமாமே?

கடிக்கும், மழை நாட்களில். வலிக்காது, ரத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், ஏனென்றால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்திவிட்டுத்தான் அது குடிக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏறிய அட்டையை நகத்தால் ஓரமாக நெம்பி எடுத்துவிடலாம். உப்பு மூட்டை கொண்டுவந்து பாதை நெடுக தூவ வேண்டாம், அட்டையோடு தவளைக்கும் நத்தைக்கும் சேர்த்துக் கேடு.

குழந்தைகளைக் கூட்டிட்டு வரலாமா? அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசு, அவங்களால முடியுமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் வரட்டும். பெரியவர்களை விட அவர்கள் நன்றாகப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார மட்டும் மாட்டார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி இல்லை என்றால் பிரச்சினை இல்லை. நாங்கள் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று முதல் பதிலிலேயே பார்த்தீர்களே.

பறவை ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குதே, எப்படி வரையறது?

முழுப் பறவையை வரைய நினைத்தால் நடக்காது. பார்க்கும் இரண்டு விநாடியில் ஒன்றை மட்டும் பிடியுங்கள்: உடல் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஒரு கோடு. பறந்துவிட்டதா, சரி. அடுத்த முறை தலை உடலில் எவ்வளவு பங்கு, அப்புறம் அலகு தலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு. ஒரே பக்கத்தில் இருபது அரைகுறைப் படம் இருக்கட்டும். அந்தப் பறவை திரும்பத் திரும்ப அதே நான்கைந்து நிலைகளுக்குத்தான் வரும், அதனால் அரைகுறைப் படங்களை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நீலகிரிச் சிரிப்பான்கள் இதற்கு நல்ல ஆசிரியர்கள். கூட்டமாகக் கத்திக்கொண்டு தாழ்வான புதரிலேயே திரியும், கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் புருவம், அடி வயிறு செம்பழுப்பு. வருவதற்கு முன் வீட்டு ஜன்னலில் மைனாவையும் காக்கையையும் வைத்து ஒரு வாரம் பழகிவிட்டு வந்தால் இங்கே பாதி நேரம் மிச்சம்.

போனில் பறவைக் குரலைப் போட்டு அதை வரவழைக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில்.

எவ்வளவு கலந்தாலும் பச்சை கலர் செயற்கையாவே இருக்கு. என்ன செய்யறது?

டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே பூசுவதுதான் காரணம். நீலமும் மஞ்சளும் நீங்களே கலந்து, அதில் பிரஷ் நுனி அளவு செம்மண் நிறம் சேருங்கள், பச்சை அடங்கிவிடும். பிறகு கிட்டே போய்ப் பாருங்கள்: சோலை மரங்களில் பலவற்றின் தளிர் பச்சையே கிடையாது. நாவல் குடும்பத்து மரங்களில் தளிர் செம்பு நிறம். தளிர் விடும் காலத்தில் எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் காடு முழுக்கச் செந்நிறமும் மஞ்சளும் திட்டுத் திட்டாக இருக்கும், தூரத்து மலை சாம்பல் நீலம். பச்சை என்று நாம் நினைப்பதை வரையாமல் கண்ணுக்குத் தெரிவதை வரைந்தால் பாதிச் சிக்கல் போய்விடும். இலை ஓட்டை பற்றி இரண்டாம் கேள்வியில் சொன்னதும் இதேதான்.

மூடுபனி இறங்கினால் இன்னொரு தொல்லை. பூசிய கலர் காயவே காயாது. பொறுமை இழந்து மேலே இன்னொரு தரம் பூசினால் ஈரம் ஈரத்தைத் தள்ளி, ஓரம் நொறுங்கிய ஒரு கறை விழும். அந்த மாதிரி நாளில் பென்சிலோடு நிறுத்திக்கொண்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கலரை மதியம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து போடலாம்.

அதுக்கு ஒரு இலையையும் பூவையும் பறிச்சிட்டு வந்தா வசதியா இருக்குமே?

காப்புக்காட்டுக்குள் இருந்து எதையும் எடுக்கக் கூடாது. 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச்சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம், ஆகவே "நாங்களே தனியாப் போய்ப் பாத்துக்கிறோம்" என்பவர்களுக்கும் இதே பதில். உதிர்ந்த இறகுதானே என்று பைக்குள் போடுவதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கலாகும். தானாக உதிர்ந்த மயிலிறகுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இறகைக் கிடக்கும் இடத்திலேயே அளந்து, வரைந்து, விட்டுவிட்டு வாருங்கள். ஒரு நூலை வைத்து நீளம் எடுத்து, அந்த நூலை நோட்டில் ஒட்டிவிடலாம். மதியம் வரைய முகாம் இருக்கும் தோட்டத்திலேயே உண்ணிச்செடியும் தவிட்டுப்பழச் செடியும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. உண்ணிச்செடி வெளியிலிருந்து வந்து பரவிய களை, எவ்வளவு பறித்தாலும் எங்களுக்கு உபகாரம்தான்.

ஆப்ல காட்டினா பேர் வந்துடுது. அப்புறம் நீங்க எதுக்கு?

நியாயமான கேள்வி. ஐநேச்சுரலிஸ்ட், மெர்லின் இரண்டையும் நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஆப் சொல்லும் பெயர் ஒரு ஆரம்பம், அதைச் சரிபார்க்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். ஷோலாகிலி என்ற சின்ன நீலப் பறவையைப் பாருங்கள், சோலையின் தரையோரம் இருட்டிலேயே திரியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, அதாவது நம் நீலகிரியில் இருப்பது ஒரு இனம், வயிற்றோரம் செம்பழுப்பு. தெற்கே பழனி மலையில், கொடைக்கானல் சோலைகளில் இருப்பது இன்னொன்று, வயிற்றோரமும் நீலமே, நடு வயிறு வெள்ளை. மங்கலான ஒரு போட்டோவை, இடத்தைக் குறிக்காமல் ஆப்பிடம் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் சொல்லும். "வயிற்றோரம் என்ன நிறம்" என்று நோட்டில் குறித்து வைத்தவருக்குக் குழப்பமே இல்லை.

அதனால் எங்கள் முகாமில் முதலில் வரைய வேண்டும், பெயர் அப்புறம்தான் சொல்வோம். இதில் சிலருக்குக் கோபம் வரும், தெரியும்.

தேயிலைத் தோட்டமும் அழகாத்தானே இருக்கு, அதை ஏன் வரைய வேண்டாம்ங்கறீங்க?

வேண்டாம் என்று சொன்னதில்லை. என்ன வரைகிறோம் என்று தெரிந்து வரையச் சொல்கிறோம், அவ்வளவுதான். இந்த மலையின் மேற்பரப்பு ஒரு காலத்தில் புல்வெளியும், நடுநடுவே பள்ளங்களில் சோலையுமாக இருந்தது. மேட்டில் ஏன் மரம் இல்லை என்பதற்கு ஒரு காரணம், உறைபனி திறந்த வெளியில் நாற்றுகளைக் கருக்கிவிடும் என்பது. வெள்ளைக்காரர்கள் அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்தார்கள். 1840களில் யூகலிப்டஸ் வந்தது, சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் வந்தது, தேயிலை வந்தது. இவற்றால் பறிபோன இடத்தில் பெரும்பகுதி புல்வெளிதான்.

ஒரு பயிற்சி தருவோம்: ஒரே இடத்தில் நின்று சுற்றிலும் தெரியும் மலையை வரைந்து, சோலை, புல், தேயிலை, யூகலிப்டஸ், சீகை, கட்டடம் என்று ஆறு நிறத்தில் பிரிக்க வேண்டும். ஊட்டியை "பசுமை" என்று எழுதிப் பழகியவர்கள் இந்தப் படத்தை முடிக்கும்போது கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள்.

குறும்பர் ஓவியம் கத்துத் தருவீங்களா? பாறை ஓவியம் பாக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?

கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பை பக்கத்தில் எழுத்துப்பாறை என்ற பழைய பாறை ஓவியத் தலம் இருப்பது உண்மை. நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பர்கள் இன்றும் வேங்கை மரப் பிசின், மண், இலைச்சாறு இவற்றால் வரைகிறார்கள்: தேன் எடுப்பது, சடங்கு, காடு. நாங்கள் அதை "ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று வைப்பதில்லை. அது அவர்கள் சமூகத்தின் கலை. அந்த ஓவியர்களில் யாராவது வர ஒப்புக்கொண்டால் அவரே வந்து, அவர் விரும்பும் அளவு சொல்வார், அதற்குரிய கூலியை முகாம் கொடுக்கும். அவர் படங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பாறைக்கு ஊர் சம்மதம் இல்லாமல் போவதில்லை.

கடற்கரையிலயும் இந்த மாதிரி முகாம் நடக்குதாம். எதுக்குப் போகலாம்?

இரண்டுக்கும் போங்கள். அங்கே நேரத்தை முடிவு செய்வது கடல். சென்னையில் பங்குனி ஆமைகள் கரையேறும் ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரி முழுக்க நடப்பார்கள், 1980களிலிருந்தே மாணவர்கள் நடத்திவரும் வழக்கம் அது. விளக்கு கூடாது, ஆகவே வரைவது எல்லாம் மறுநாள் ஞாபகத்திலிருந்து. அதுவே ஒரு நல்ல பயிற்சி. மன்னார் வளைகுடாப் பக்கம் என்றால் ஓதம் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளைப் பார்க்கலாம், ஆனால் நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திரும்பிவிடும். கலர் அங்கே கண் மூடித் திறப்பதற்குள் காயும், உப்புக்காற்று காகிதத்தைப் பிசுபிசுக்க வைக்கும். சங்கு, சிப்பி பொறுக்கும் விஷயத்தில் இறகுக்குச் சொன்னதே பொருந்தும், சில இனங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

நான் கிறுக்கி வச்ச நோட்டு வேற யாருக்காவது பயன்படுமா?

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், இடம், வானிலை நான்கும் இருந்தால் பயன்படும். இல்லாவிட்டால் அது உங்களுக்கு மட்டுமான படம், அதுவும் தப்பில்லை. எந்த மரம் எந்த வாரம் தளிர்விட்டது, எப்போது பூத்தது என்ற குறிப்புகள் பல ஆண்டு சேர்ந்தால் பருவம் எப்படி மாறுகிறது என்று பார்க்க உதவும். இதற்காகவே சீசன்வாட்ச் என்ற திட்டம் இந்தியா முழுக்க நடக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை இலை, பூ, காய் நிலையைப் பதிவு செய்ய வேண்டும், படம் வரையக்கூட வேண்டாம்.

அதற்குக் கோத்தகிரி வரை வரத் தேவையில்லை. உங்கள் தெருவில் புளியமரமோ வேப்பமரமோ புங்க மரமோ இருந்தால் போதும், இந்த வாரமே தொடங்கலாம். முகாமுக்கு வரும்போது அந்தக் குறிப்பைக் கொண்டு வந்தால் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து பார்ப்போம்.